செட்டிநாட்டு வெயிலில் பொருத்திய டீசல் ஹீட்டர் மலையில் எரிய மறுத்தால்: வேன் ஹீட்டரின் பழுது கண்டறியும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வேனுக்குள் ஹீட்டர் வைக்கப்போவதாகச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். மார்கழி விடியலுக்கும் ஒரு போர்வை போதும் என்கிற ஊரில் அதற்கு வேலையில்லை. ஆனால் டெம்போ டிராவலரின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் சமையல் மேடையும் அமைத்துக்கொண்டு கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும், துணிந்தவர்கள் லடாக் வரைக்கும் கிளம்புகிறபோது, டீசலில் எரியும் காற்று ஹீட்டரை இங்குள்ள பட்டறையில்தான் பொருத்த வேண்டியிருக்கிறது. கோளாறின் வேரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரமில்லாத, காற்றே சூடாக இருக்கிற சமவெளியில் சோதித்துப் பார்த்த கருவி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, பத்து டிகிரிக்கும் குறைவான குளிரில், அடர்த்தி குறைந்த காற்றில்தான் முதன்முறையாக முழு வேலை செய்யத் தொடங்குகிறது. ஊரில் எரிந்தது என்பதால் மலையிலும் எரியும் என்று நம்பக் கூடாது. மலையில் எரியவில்லை என்பதால் கருவியே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. எந்த வரிசையில் தேடினால் காரணம் விரைவில் பிடிபடும் என்பதே இங்கே சொல்லப்படுவது.

கருவிக்குள் என்ன நடக்கிறது

இந்த ஹீட்டரில் இரண்டு காற்றோட்டங்கள் உண்டு. அவை ஒன்றையொன்று தொடவே கூடாது. வேனுக்குள் இருக்கும் காற்றை ஒரு மின்விசிறி இழுத்து, சூடான அலுமினிய உறையின் மேல் ஓடவிட்டு, மறுபடி வேனுக்குள்ளேயே தள்ளுகிறது. அந்த உறைக்குள்ளே நடக்கிற எரிப்புக்கு வேண்டிய காற்று வேனின் தரைக்குக் கீழிருந்து தனிக்குழாயில் வருகிறது. எரிந்த புகை இன்னொரு குழாயில் தரைக்குக் கீழேயே வெளியேறுகிறது.

சுவிட்சைப் போட்டதும் விசிறி மெதுவாகச் சுற்றும். க்ளோ பிளக் எனப்படும் தணல் கம்பி ஓரிரு நிமிடம் பழுக்கக் காயும். அதன்பின் பம்ப் 'டக், டக்' என்று சொட்டுச் சொட்டாக டீசலை அனுப்பத் தொடங்கும். க்ளோ பிளக்கைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பி வலையில் அந்த டீசல் ஆவியாகித் தீப்பிடிக்கும். தீ பிடித்ததை வெப்ப உணரி உறுதி செய்ததும் பிளக் அணைந்து, விசிறியும் பம்பும் வேகமெடுக்கும். தீ பிடிக்காவிட்டால் கருவி தானாக இன்னொரு முறை முயன்று பார்த்து, அதுவும் பலிக்காதபோது பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும்.

இந்தத் தொடக்கத்தைப் பக்கத்திலிருந்து காதால் கேட்பதுதான் முதல் சோதனை. விசிறியே சுற்றவில்லையா, விசிறி சுற்றியும் பம்பின் ஒலி கேட்கவில்லையா, ஒலி கேட்டும் புகை வரவில்லையா, வெள்ளைப் புகை வந்தும் தீப்பிடிக்கவில்லையா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. பிழை எண்ணை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். சீன ஹீட்டர்கள் பலவற்றில் இ-10 என்பது தீப்பிடிக்கவில்லை என்பதையும் இ-08 என்பது எரிந்துகொண்டிருந்த தீ அணைந்துவிட்டது என்பதையும் குறிக்கும் என்றாலும், கன்ட்ரோலர் மாறினால் எண்ணின் பொருளும் மாறுகிறது. பெட்டியோடு வந்த கையேட்டில் உள்ள அட்டவணையை மட்டுமே பார்க்க வேண்டும்.

ஊரிலேயே செய்ய வேண்டிய சோதனை

பட்டறையில் ஹீட்டரைப் பொருத்தியவுடன் வெப்பநிலையை 25 டிகிரி என்று வைத்துச் சுவிட்சைப் போட்டால், வேனுக்குள் ஏற்கெனவே 36 டிகிரி இருப்பதால், கருவி தீப்பிடித்த சிறிது நேரத்திலேயே குறைந்த நிலைக்கு இறங்கிவிடும். சில வகைகள் எரிப்பை நிறுத்திக் காத்திருக்கும். பட்டறைக்காரர் 'வேலை செய்கிறது' என்று சாவியைக் கொடுத்துவிடுவார். முழு வேகத்தில் அது ஒரு நிமிடம்கூட எரிந்திருக்காது. ஆகவே வெப்பநிலை பார்த்து இயங்கும் முறையை விட்டுவிட்டு, பம்பின் வேகத்தை நாமே நிர்ணயிக்கும் கைமுறைக்கு மாற்றி, உச்ச நிலையில் அரை மணி நேரமும் மிகக் குறைந்த நிலையில் ஒரு மணி நேரமும் ஓடவிட வேண்டும். வேனின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, சூடான காற்றுக் குழாய்களை முடிந்தால் கழற்றிவிட்டு, விடியற்காலையில் இதைச் செய்வது நல்லது. பகல் வெயிலில் செய்தால் உள்ளே இழுக்கும் காற்றே நாற்பதை ஒட்டியிருக்கும். அப்போது வருகிற 'அதிகச் சூடு' பிழை கருவியின் குற்றமல்ல.

முதல் சில மணி நேரத்தில் புதுப் பெயின்ட்டும் எண்ணெயும் காய்கிற வாடை வரும், அது இயல்பு. இந்த வாடையை ஊரிலேயே தீர்த்துவிட்டுப் போக வேண்டும். மலையில் கதவை அடைத்துக்கொண்டு படுத்த பிறகு, வருவது பெயின்ட் வாடையா, புகை வாடையா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

அணைக்கும்போது சுவிட்சை மட்டுமே அணைக்க வேண்டும். பேட்டரி இணைப்பைப் பிடுங்கக் கூடாது. மிச்ச டீசல் எரிந்து தீரவும் உறை ஆறவும் விசிறி சில நிமிடங்கள் தொடர்ந்து ஓடும். அதைப் பாதியில் நிறுத்தினால் உள்ளே தங்கிய வெப்பம் விசிறியையும் உணரிகளையும் வாட்டும், கரியும் படியும்.

மின்சாரம்: முதலில் பார்க்க வேண்டியது

ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டருக்கு ஒன்று முதல் மூன்று ஆம்பியர் வரைதான் தேவை. ஆனால் க்ளோ பிளக் காயும் அந்தச் சில நிமிடங்களில் எட்டு முதல் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். தொடக்கத்திலேயே நின்றுவிடுகிற ஹீட்டர்களில் நான் முதலில் சந்தேகிப்பது வயரைத்தான்.

கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். பேட்டரியிலிருந்து ஹீட்டர் வரை நான்கு மீட்டர் என்றால் போக்கும் வரவுமாக எட்டு மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை இழுத்திருந்தால், பத்து ஆம்பியர் ஓடும்போது அதிலேயே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் தின்றுபோகும். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 4 சதுர மில்லிமீட்டருக்குப் போனால் அரை வோல்ட்டுக்கும் குறைவு. இரவெல்லாம் விளக்கும் மின்விசிறியும் ஓடிய பேட்டரி 12 வோல்ட்டில் நிற்கிறது என்று கொள்வோம். பத்தரை வோல்ட் அளவில் கருவி 'மின்னழுத்தம் போதாது' என்று நின்றுவிடும். மெல்லிய வயர் அந்த எல்லைக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ஊரில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது சோதித்திருந்தால், ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்து இந்தக் குறையை மறைத்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு இரவு பயன்படுத்திய பேட்டரியை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஹீட்டருக்குள் நுழையும் பிளக்கின் பின்பக்கம் முனைகளை நுழைத்து, க்ளோ பிளக் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். பேட்டரி முனைக்கும் இங்கே காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், வயர், ஃபியூஸ் கூடு, லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை), எர்த் என்று ஒவ்வொரு இணைப்பாகத் தேடிப் போகலாம். எர்த்தை வேனின் தகரத்தில் ஒரு திருகைப் போட்டு முடித்திருந்தால் அதை விட்டுவிட்டுப் பேட்டரியின் நெகட்டிவ் முனை வரைக்கும் தனி வயர் இழுப்பதே முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறி, செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகளை வெட்டி எறிந்துவிட்டு, லக் வைத்து இறுக்க வேண்டும். பெரும்பாலான ஹீட்டர்களுக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பிளக் காயவில்லை என்றால் இணைப்பைக் கழற்றி அதன் மின்தடையை அளக்கலாம். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில், அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துபோயிற்று. செராமிக் பிளக் எளிதில் உடையும் என்பதால் கழற்றும்போது நேராக, மெதுவாகத் திருக வேண்டும்.

டீசல் வந்து சேர்கிறதா

மின்சாரம் சரி, பம்பும் துடிக்கிறது, ஆனால் புகைக்குழாயில் எதுவும் வரவில்லை என்றால் டீசல் எரியறைக்குப் போகவில்லை என்று பொருள். புதிதாகப் பொருத்திய ஹீட்டர் முதல் நாள் எரியாததற்கு இதுவே பொதுவான காரணம். இரண்டு மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு மூன்று மில்லிலிட்டருக்குச் சற்று மேல் டீசல் பிடிக்கும். நான்கு மீட்டர் குழாய் நிறைய பன்னிரண்டு மில்லிலிட்டருக்கு மேல் வேண்டும். ஒரு துடிப்புக்கு 0.022 மில்லிலிட்டர் தள்ளும் பம்ப் அதை நிரப்ப ஐந்நூற்று எழுபது துடிப்புகளாவது அடிக்க வேண்டும். நொடிக்கு இரண்டு துடிப்பு என்றால் ஐந்து நிமிடத்துக்கு அருகில் ஆகும். தீப்பிடிக்க முயலும் நேரம் அவ்வளவு நீளமில்லை. எனவே கன்ட்ரோலரில் பம்பை மட்டும் ஓட்டும் வசதியைப் பயன்படுத்தி, டீசல் ஹீட்டரின் நுழைவாயில் வரை வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த உடனே நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஓட்டிவிட்டால் எரியறை டீசலில் நனைந்து, அடுத்த முறை தீப்பிடிக்கும்போது வேனைச் சுற்றி வெள்ளைப் புகை மண்டலமாகிவிடும்.

பம்ப் ஒழுங்காக அளந்து தருகிறதா என்று பார்க்க மருந்துக்கடையில் வாங்கும் பத்து மில்லிலிட்டர் ஊசிக்குழல் போதும். ஹீட்டர் பக்கத்து முனையைக் கழற்றி, குழாய் நிறைந்த பிறகு, நானூறு துடிப்புகளை எண்ணி, முனை அடைத்த ஊசிக்குழலில் பிடிக்க வேண்டும். பம்பின் மேல் 22 என்று போட்டிருந்தால் அது ஆயிரம் துடிப்புக்கு 22 மில்லிலிட்டர், நானூறுக்கு 8.8 வர வேண்டும். அதைவிடத் தெளிவாகக் குறைந்தால் காற்று உறிஞ்சுகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. டீசல் மெல்லிய நுரையோடு வந்தால் காற்றுதான்.

காற்று எங்கே நுழைகிறது என்பதைத் தேடும்போது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பம்பைப் படுக்கை வாட்டத்தில் கட்டியிருந்தால் குமிழிகள் உள்ளேயே தங்கும். டீசல் வெளியேறும் முனை மேலே நோக்கி இருக்குமாறு சாய்த்துக் கட்ட வேண்டும், அதுவும் ஹீட்டருக்கு அருகே அல்லாமல் டேங்குக்கு அருகே. குழாய்களை ரப்பர் துண்டால் இணைக்கும் இடங்களில் இரண்டு முனைகளும் உள்ளே ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். நடுவே இடைவெளி விட்டால் அங்கே ஒரு குமிழி உட்கார்ந்துகொண்டு, அது ஒருநாள் நகர்ந்து போகும்போது தீயை அணைத்துவிடும். கடைசியாக, பெட்டியில் வரும் பச்சை நிற மென்குழாய். பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் அது கொஞ்சம் உப்பிச் சுருங்குவதால் அளவு ஒழுங்காகப் போய்ச் சேராது. கெட்டியான நைலான் குழாய்க்கு மாற்றுவது மலிவான, ஆனால் பெரும் பயன் தரும் மாற்றம் என்பது என் கருத்து. பம்பை ரப்பர் பிடியில் தொங்கவிட்டால் இரவில் தகரம் முழுதும் 'டக், டக்' என்று எதிரொலிப்பதும் நிற்கும்.

பத்து இருபது நிமிடம் நன்றாக எரிந்துவிட்டு அணைந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். திறந்ததும் சரியாகிவிட்டால் டேங்கின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. சரளைச் சாலைகளின் செம்மண் தூசி படிந்த டேங்குகளில் இது சாதாரணமாக நடக்கும். வேனின் சொந்த டேங்கிலிருந்து எடுப்பதானால் தனி உறிஞ்சுகுழலை மேலிருந்து இறக்கி, அதன் நுனியைச் சாய்வாக வெட்டி, அடியைத் தொடாமல் சில சென்டிமீட்டர் மேலே நிறுத்த வேண்டும். இன்ஜினுக்குப் போகும் குழாயில் இடையே வெட்டி இணைப்புக் கொடுப்பதைப் புதிய பி.எஸ்.6 வண்டிகளில் செய்யவே கூடாது.

லடாக் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நம்மூரில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும். லடாக்கிற்கென்று −33 டிகிரி வரை ஓட்டம் நிற்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் அறிமுகப்படுத்தியது. மேலே போனதும் அந்த டீசலை நிரப்பி, ஹீட்டருக்குத் தனி டேங்க் இருந்தால் அதிலும் பழையதை வடித்துவிட்டு மாற்ற வேண்டும்.

புகையின் நிறமும் மலையின் காற்றும்

தொடங்கும்போது ஒரு நிமிடம் போல வரும் வெள்ளைப் புகையைப் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து வந்தால் டீசல் ஆவியாகிறது, ஆனால் எரியவில்லை. க்ளோ பிளக்கின் வலையில் கரி அடைத்திருக்கலாம், அல்லது எரியறை டீசலில் ஊறியிருக்கலாம். பிளக்கைக் கழற்றி, அந்த வலையை அதற்கென்று வரும் சாவியால் வெளியே எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புது வலைக்கு அதிகச் செலவாகாது, ஆண்டுக்கொன்று மாற்றிவிடலாம்.

கரும்புகை வந்தால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. ஈர விறகை வாய் நிறையத் திணித்த அடுப்பு எப்படிப் புகையுமோ அப்படித்தான் இதுவும். சமவெளியில் கரும்புகை கண்டால் காற்று வரும் குழாயையும் புகைக்குழாயையும் அடைப்புக்காகப் பார்க்க வேண்டும். மலையில் கண்டால் அடைப்பே இல்லாமலும் இது நடக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைவு. 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லடாக்கின் லே நகரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளும் காற்றில் உயிர்க்காற்று அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. பம்ப் மட்டும் ஊரில் கொடுத்த அதே டீசலைக் கொடுக்கிறது. மிஞ்சியது கரியாகப் படிகிறது. இரண்டு மூன்று இரவுகளில் எரியறை அடைத்து, நான்காம் இரவு தீயே பிடிக்காமல் போகிறது. ஹீட்டர் திடீரென்று கெட்டுவிட்டதாகத் தோன்றினாலும், அது முதல் இரவிலேயே தொடங்கிவிட்ட வேலை.

உயரத்தைத் தானாக உணர்ந்து சரிசெய்துகொள்ளும் வகை என்றால் நாம் எதையும் தொட வேண்டியதில்லை. இல்லாத வகைகளில், கன்ட்ரோலரின் அமைப்புப் பட்டியலுக்குள் பம்பின் உச்ச, நீச வேகங்கள் ஹெர்ட்ஸ் கணக்கில், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்று இருக்கும். முதலில் அந்த எண்களை ஒரு தாளில் எழுதி வேனுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். பின்னர் விசிறியின் வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, உச்ச எண் 5.0 என்றிருந்தால் கொடைக்கானலில் 4.0 அளவுக்கு இறக்கலாம். வெப்பமும் அதே விகிதத்தில் குறையும். அதைத் தவிர்க்க வழியில்லை. எண்ணை மாற்றிய பின் பத்து நிமிடம் ஓடவிட்டு, இடுக்கியில் பிடித்த வெள்ளைத் துணியைப் புகைக்குழாயின் வாயருகே சில நொடிகள் காட்டிப் பார்க்க வேண்டும். கரும்படலம் விழுந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். துணி ஏறக்குறைய வெளுப்பாகவே இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். நீச எண்ணை மிகவும் இறக்கினால் தீ நிலைகொள்ளாமல் அணையும் என்பதால் அதில் கை வைக்கும்போது சிறு சிறு படியாகப் போக வேண்டும். ஊர் திரும்பியதும் பழைய எண்களுக்கு மாற்றிவிட வேண்டும்.

இரவு முழுவதும் மிகக் குறைந்த நிலையிலேயே ஓடுவதும் கரிக்கு இன்னொரு காரணம். இங்கே விற்பனையாளரின் பங்கும் உண்டு. டிராவலர் அளவுள்ள வேனுக்குக் கொடைக்கானல் குளிரில் 2 கிலோவாட் ஹீட்டரே போதும். 5 கிலோவாட் வாங்கியவர்கள் அதை எப்போதும் அடக்கியே ஓட்டவேண்டியிருக்கும். 8 கிலோவாட் என்று ஒட்டியிருக்கும் பெட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல்தான் இருக்கிறது. 8 கிலோவாட் கிடைக்க மணிக்கு 0.8 லிட்டராவது எரிய வேண்டும். அதே பெட்டியின் கையேட்டில் மணிக்கு அரை லிட்டர் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 5 கிலோவாட்தான். எந்த அளவு வாங்கியிருந்தாலும், அணைப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் உச்ச நிலையில் ஓட்டினால் படிந்த கரியில் ஒரு பகுதி எரிந்துபோகும்.

புகைக்குழாய், நச்சுப்புகை

மற்ற எந்தக் கோளாறும் குளிரில் நடுங்க வைக்கும், அவ்வளவுதான். இது உயிரை எடுக்கும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. டீசல் புகையின் வாடை வேனுக்குள் லேசாக வந்தாலும் ஹீட்டரை அணைத்து, கதவைத் திறந்து, காரணம் தெரியும் வரை மறுபடி போடாமல் இருக்க வேண்டும். வாடை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றும் ஆகாது. படுக்கும் உயரத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வேனில் இந்த ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. அலாரத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்து வாங்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்களில் முதலாவது ஹீட்டரின் அடியில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட். தரைத் தகரம் நெளிநெளியாக இருந்து, அதன் மேல் நேரடியாக ஹீட்டரை உட்காரவைத்திருந்தால் கேஸ்கெட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். சமதளமான தகட்டை அடியில் வைத்து இறுக்கினால்தான் எரிப்புக் காற்றும் புகையும் போகும் குழாய்கள் வேனின் உட்புறத்திலிருந்து முற்றிலும் பிரிந்திருக்கும். இரண்டாவது, மலிவான சைலன்சர். அதன் மடிப்புகளிலேயே புகை கசியும். அதிக வெப்பம் தாங்கும் பசையால் அடைக்கலாம், ஆனால் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளையை அடைக்கக் கூடாது, அது கீழ்நோக்கியே இருக்க வேண்டும். மூன்றாவது, புகைக்குழாயின் வாய். வேனின் அடிவயிற்றுக்குள்ளேயே அதை முடித்திருந்தால் புகை அங்கே தேங்கி, தரையில் உள்ள ஏதாவது ஒரு ஓட்டை வழியாக மேலே வரும். வண்டியின் ஓரம் வரை கொண்டுவந்து, கீழே சாய்த்து, முன்பக்கம் பார்க்காமல், எரிப்புக் காற்றை இழுக்கும் குழாயிலிருந்து விலக்கி முடிக்க வேண்டும். இரண்டு வாய்களும் பக்கத்தில் இருந்தால் தன் புகையைத் தானே இழுத்து ஹீட்டர் திணறும். குழாய் எங்காவது பள்ளமாகத் தொங்கினால் அங்கே நீர் சேர்ந்து வழியை அடைக்கும். சரிவு தொடர்ந்து கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளாஸ்டிக், வயர், டீசல் குழாய் எதுவும் இந்தப் புகைக்குழாயைத் தொடக் கூடாது.

வெப்ப உறையிலேயே விரிசல் விழுந்திருந்தால் புகை நேராகச் சூடான காற்றோடு கலந்து வரும். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் அலாரம் அடித்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். உறையை மாற்றுவது ஒன்றே வழி.

அதிகச் சூடு என்று நின்றால்

சூடான காற்று வெளியேற வழியில்லாதபோது இந்தப் பிழை வரும். குழாயைச் சிறிய அளவுக்குக் குறுக்கியிருப்பது, கட்டிலுக்கு அடியில் இரண்டு மூன்று முறை மடக்கியிருப்பது, உள்ளே காற்றிழுக்கும் வாயில் போர்வையோ பையோ ஒட்டியிருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஹீட்டரை மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் வெளியே தள்ளிய சூட்டையே அது மறுபடி இழுத்துக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டுப்பாட்டுப் பலகை கடைசியில்

பட்டறைகளில் பழக்கம் தலைகீழாக இருக்கிறது. எரியவில்லை என்றதும், ஹீட்டரை இயக்கும் மின்னணுப் பலகையைப் புதிதாக வாங்கி மாற்றச் சொல்வார்கள். அதுவும் எரியாது, ஏனென்றால் வயர் அப்படியே இருக்கும். மின்னழுத்தம், டீசல், காற்று, புகைக்குழாய், உணரியின் இணைப்பு ஆகிய எல்லாம் பார்த்து முடிந்த பிறகே பலகையைப் பற்றி யோசிக்க வேண்டும். கரி நீக்குவதற்காகக் கழற்றி மாட்டிய பிறகு விசிறிப் பிழை வந்தால் பலகையைக் குறை சொல்லும் முன், விசிறிச் சக்கரத்தில் பதித்திருக்கும் சின்னக் காந்தம் கழன்று விழுந்துவிட்டதா, சக்கரம் முன்பிருந்த ஆழத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காந்தத்தை வைத்துத்தான் பலகை சுழற்சியை எண்ணுகிறது. திறந்த கேஸ்கெட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சும்மா நிற்கும் மாதங்கள்

செட்டிநாட்டில் இந்த ஹீட்டருக்கு ஆண்டின் பெரும்பகுதி ஓய்வு. நல்ல கருவி கெட்டுப்போவதும் அந்த ஓய்வில்தான். இருபத்து நான்கு, இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலத்தில், நிழலில், கீழ்நோக்கித் திறந்திருக்கும் உலோகக் குழாயைவிட மண்குளவிக்கு வேறென்ன வேண்டும்? ஈரச் செம்மண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து, குழாயின் வாய்க்கு ஒரு விரற்கடை உள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் அறை கட்டிவிடும். காய்ந்த பிறகு அது செங்கல் மாதிரி இறுகிவிடும். காற்றுக்குழாயில் கட்டினால் கரும்புகை வரும். புகைக்குழாயில் கட்டினால் தீயே பிடிக்காது. டார்ச் அடித்து இரண்டு வாய்களுக்குள்ளும் பார்த்து, வளைந்த கம்பியால் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே தள்ளிவிடக் கூடாது. வண்டி நிற்கும் காலத்தில் இரண்டு வாய்களிலும் துணிப் பந்தைத் திணித்து, அதில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, நாடாவின் மறுமுனையை ஸ்டியரிங்கில் கட்டிவைத்தால் எடுக்க மறக்காது. எலி கடித்த வயர்களையும் டீசல் குழாயையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

தனி டேங்கில் மாதக்கணக்கில் கிடந்த டீசலில் மழைக்கால ஈரம் தண்ணீராக அடியில் தங்கி, பிசுக்கும் சேர்ந்திருக்கும். பயணத்துக்கு முன் அதை வடித்துப் புது டீசல் நிரப்பி, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். மாதம் ஒருமுறை, விடியற்காலையில், கதவுகளைத் திறந்து வைத்து, கைமுறையில் உச்ச நிலைக்குக் கொண்டுபோய்க் கால் மணி நேரம் ஓட்டி, சுவிட்சை அணைத்து, விசிறி தானாக நிற்கும் வரை காத்திருந்து, அதன்பின் துணிப் பந்துகளை மறுபடி திணித்துவிடுங்கள்.